சிவப்புக் காருக்கு அடியில் இரண்டு கால்கள்

“ஐயோ...!”

டீச்சர் போட்ட அலறலில் தகரக் கூரை அதிர்ந்தது.

இருபத்திரண்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் தொண்டை. மைக் தேவைப்படாது.

“என்னாச்சு? என்னாச்சு?” என்று பின்னால் ஓடி வந்தார் அவருடைய கணவர், பல் டாக்டர். செருப்பில் ஒன்று பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

“அங்க பாருங்க... காருக்கு அடியில...!”

சொல்லிக்கொண்டே டீச்சர் தூணுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினார். ஷெட்டில் குழல் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

டாக்டர் பார்த்தார்.

நடுவில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மூக்கு சுவரைப் பார்த்து, பின்புறம் ஷட்டரைப் பார்த்து நின்றிருந்தது. பின்புறத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள்.

அதற்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அசைவே இல்லாமல்...!

பக்கத்தில், தரையில், கறுப்பாக ஏதோ திட்டுத் திட்டாக...

“ரத்தமா?” என்றார் டாக்டர்.

“கறுப்பா இருக்கே...?”

“காஞ்ச ரத்தம் கறுப்பாத்தான் இருக்கும். நான் டாக்டர். எனக்குத் தெரியாதா?”

“நீங்க பல் டாக்டர்!”

“பல்லுலயும் ரத்தம் வரும்!”

டாக்டர் மண்டியிட்டார். நடுங்கும் விரல்களை நீட்டி, ஒரு காலின் கணுக்காலில் நாடி பார்க்கப் போனார்.

கால் ஓர் உதை விட்டது.

“கூச்சமா இருக்கு சார். கையை எடுங்க!” என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல். “அப்புறம்... தயவு செஞ்சு யாரும் கத்தாதீங்க. ஆயில் எங்க சொட்டுதுன்னு காதைக் குடுத்துக் கேட்டுட்டிருக்கேன்.”

பிணம் உருண்டு வெளியே வந்தது. எழுந்து நின்றது. நிமிர்ந்துகொண்டே போனது.

ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. நீல நிற பட்டறை உடுப்பு. நெற்றியில் எலாஸ்டிக் பட்டையோடு ஒரு டார்ச். அவளை ஊரில் உள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக, வாங்கும் முன் காரைப் பிரித்து மேய்ந்து ரிப்போர்ட் கொடுப்பது அவள் வேலை. விற்கிறவர்கள் அவளைக் கண்டால் ஷட்டரை இறக்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

“நீங்கதான் வாங்கப் போற டாக்டரா?”

“ஆமா. இவங்க என் மனைவி.”

“வணக்கம் டீச்சர். நேத்து போன்ல பேசினது நீங்கதானே? ‘என்ன இருந்தாலும் மறைக்காம சொல்லணும், இல்லாட்டி முட்டி போட வெச்சிருவேன்’னு...”

“அந்தக் கடைசி வரி பழக்க தோஷம்மா,” என்றார் டீச்சர்.

இங்கே டாக்டரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியில் படித்தபோது ஒரு பத்திரிகையிலிருந்து இதே மாடல் காரின் படத்தைக் கத்தரித்து வைத்தார். இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. படம் இன்னமும் க்ளினிக் மேஜை டிராயரில், கடவாய்ப்பல் பிடுங்கும் குறட்டுக்கு அடியில் இருக்கிறது. போன மாதம் அந்தக் கார் நிஜமாகவே விற்பனைக்கு வந்தது. டாக்டர் யாரையும் கேட்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வீடு கட்ட வைத்திருந்த மனையையும் விற்றுவிட்டார்! நேற்று சாப்பிடும்போதுதான் மனைவியிடம் படத்தை நீட்டினார்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மனை போனதற்குக்கூடச் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“கையெழுத்துக்கு முன்னாடி, நம்ம ஆளும் வேண்டாம், அவன் ஆளும் வேண்டாம்... நடுவுல நிக்கிற ஓர் ஆளு வண்டியை செக் பண்ணணும்.”

கையெழுத்து இன்று மாலை ஐந்து மணிக்கு. அதற்குப் பிறகு மனை விற்ற பணம் திரும்பாது.

இப்போது மணி மூன்றே முக்கால்.

“வாங்க சார், வாங்க!”

ஷட்டர் வழியாக ஒரு சிரிப்பு உள்ளே வந்தது. அதன் பின்னால் ஷோரூம் முதலாளி வந்தார். வாடிக்கையாளர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயரே சிரிப்பு. வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு.

“போனெல்லாம் இதுல போடுங்க சார். இந்த மாதிரி வண்டிக்கு சென்சார் ரொம்ப சென்சிட்டிவ். பக்கத்துல இருக்கிற ஆபீஸ் ரூம்ல பத்திரமா வெச்சிருக்கேன்.”

டாக்டர் பயபக்தியோடு போட்டார். டார்ச் உதட்டைப் பிதுக்கியபடி போட்டாள். டீச்சர் போட வந்தார்...

சிரிப்பின் சிரிப்பு, ஒரே ஒரு விநாடி, அணைந்தது!

டீச்சர் கூரையை அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

“மே... மேடத்தை முதல் தடவையா பார்க்கிறேன்,” என்றார் சிரிப்பு.

“ஆமா,” என்றார் டீச்சர். “முதல் தடவை.”

டாக்டர் இதையெல்லாம் கவனித்தாரா? இல்லை. அவர் சிரிப்பின் வாயைக் கவனித்துக்கொண்டிருந்தார். மேல் வரிசை முழுக்க செட். பளபளப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஈறோடு சேரும் இடத்தில்தான் வேலை சுத்தமில்லை.

“எதுக்கு சார் வெளி ஆளு?” சிரிப்பு மறுபடி எரிந்தது. “நாங்களே நூத்தம்பது பாயிண்ட் செக் பண்ணி சர்டிபிகேட் குடுத்திருக்கோமே!”

“பார்த்தேன்,” என்றாள் டார்ச். “நூத்தம்பது டிக்கும் ஒரே சாய்வு. ஒரே மூச்சுல போட்டது.”

“பின்பெஞ்சு வீட்டுப்பாடம்,” என்றார் டீச்சர் மெதுவாக.

“ஒரே ஓனர் மேடம்! ரிட்டயர்ட் ஆளு. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுப்பாரு. எங்ககிட்ட வந்து ரெண்டு மாசமாச்சு. இந்த ஷெட்டை விட்டு ஓர் அடி நகரல! ஒருத்தர் கை படல!”

டார்ச் பேனாவை எடுத்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“அஞ்சு மணியைத் தாண்டினா நான் பொறுப்பில்ல சார். இன்னொரு பார்ட்டி நாலு வாரமா இதையே சுத்திச் சுத்தி வருது.”

டாக்டருக்கு வியர்த்தது. “யாரு சார் அது?”

“சொல்லக்கூடாது சார். தொழில் தர்மம்.”

டீச்சருக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது.

சிரிப்பு தட்டோடு வெளியேறியதும், டார்ச் ஜாக்கியை இறக்கினாள். பின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. காரின் முன்பக்கக் கொக்கியிலிருந்து தரையில் பதித்த இரும்பு வளையத்துக்கு ஒரு தடித்த பட்டை இழுத்துக் கட்டியிருந்தது.

“இது எதுக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

“வண்டியைத் தூக்கிட்டுக் கீழ படுக்கிறவ நான் சார். நழுவிச்சுன்னா? லாரியில பாரம் கட்டுற பட்டை இது. யானையைக் கட்டினாலும் நகராது. சரி, இங்க வாங்க. கண்ணாடியைப் பாருங்க.”

“தூசி இல்லாம இருக்கு.”

“மூலையில பாருங்க சார்!”

கண்ணாடியின் மூலையில் பொடிப் பொடி எழுத்துகள்.

“எந்தக் கண்ணாடியா இருந்தாலும் அது செஞ்ச வருஷம் அதுலயே இருக்கும். முன் கண்ணாடி, ரெண்டு கதவுக் கண்ணாடி... மூணும் ஒரே வருஷம். பின் கண்ணாடி மட்டும் மூணு வருஷம் இளையது.”

“உடைஞ்சிருக்கும், மாத்தியிருப்பாங்க!” என்றார் டாக்டர். சொந்தக்காரப் பெண்ணுக்குப் பரிந்து பேசுகிற குரல்.

“இருக்கலாம்.” டார்ச் நோட்டில் எழுதினாள். ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்தாள். அப்படியே நின்றாள்.

“டாக்டர்... இங்க வாங்க.”

ஸ்டீரிங் தோலின் மடிப்பில்... கால் மிதிகளின் ரப்பரில்...

வெள்ளைப் பவுடர்!

டாக்டர் இரண்டடி பின்வாங்கினார்.

“போதை மருந்தா?!”

“பேசாம இருங்க,” என்றார் டீச்சர்.

“கடத்தல் வண்டியா இருக்குமோ? போலீஸ் நம்மளைப் பிடிச்சா? க்ளினிக் போர்டுல என் பேர் இருக்கே!”

“சும்மா இருங்கன்னா! உங்க க்ளினிக்ல அச்சு எடுக்கிற மாவா இருக்கும். நீங்கதானே தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பீங்க!”

“என் மாவு ரோஸ் கலர்!”

டார்ச் ஒரு விரலால் தொட்டாள். மோந்து பார்த்தாள். விரலை உடுப்பில் தேய்த்தாள். நீலத் துணியில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

“சாக்பீஸ்,” என்றாள்.

“சாக்பீஸா?” டாக்டர் விழித்தார். “ஸ்போர்ட்ஸ் கார்ல யாரு கரும்பலகையில எழுதினாங்க?”

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார்.

டார்ச் ஒரு ஒயரைக் காரில் செருகி, மறுமுனையைக் கையடக்கக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். கண்களைச் சுருக்கினாள்.

“ஓர் அடி நகரலேன்னாரே? போன நாலு வாரமும் வண்டி ஓடியிருக்கு. வியாழக்கிழமை வியாழக்கிழமை. காலைல பத்து நாப்பதுலேர்ந்து பதினொண்ணு இருபது வரைக்கும்.”

“யாரு ஓட்டியிருப்பா?”

“சீட்டுக்கு ரெண்டு பட்டன் இருக்கு. யாரு ஓட்டுறாங்களோ அவங்க உயரத்துக்கு சீட்டு ஞாபகம் வெச்சுக்கும். பட்டன் ஒண்ணு, உயரமான ஆளு. பட்டன் ரெண்டு...” அவள் திரையைப் பார்த்தாள். “ரொம்ப முன்னாடி இருக்கு. ரொம்ப மேல இருக்கு. அஞ்சடி இருந்தா அதிகம்.”

“குள்ளமான ஓர் ஆளு...” டாக்டர் துப்பறிய ஆரம்பித்தார். “வியாழக்கிழமை காலைல மட்டும் வேலை இல்லாத ஓர் ஆளு... கையில சாக்பீஸ்... யாரா இருக்கும்?”

“தையல்காரரா இருக்கும்,” என்றார் டீச்சர் உடனே. “துணியில சாக்பீஸால கோடு போடுவாங்க.”

“கரெக்ட்! எனக்கு ஏன் இது தோணல?”

டார்ச் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

“அது யாராவது இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள் டார்ச். “எனக்கு உறுத்துறது வேற. இதுக்கு எஞ்சின் பின்னாடிதான். சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. அங்க பெயின்ட் கனமா இருக்குன்னு மீட்டர் சொல்லுது. ஆனா சந்துல தலை போகல, டார்ச்சும் போகல. சின்னக் கண்ணாடி ஏதாவது கிடைச்சா...”

டாக்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

நீளக் காம்பு. நுனியில் காலணா அளவு வட்டக் கண்ணாடி. வாய்க்குள் விட்டுப் பார்ப்பது. அது இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை.

“நானே பார்க்கிறேன்,” என்றார். “என் கை நடுங்காது.”

இந்த ஒரு வேலையில் மட்டும் நிஜமாகவே நடுங்காது. சந்துக்குள் கண்ணாடியை விட்டார். திருப்பினார். டார்ச் வெளிச்சம் காட்டினாள்.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்னங்க?” டீச்சரின் குரலில் முதல் தடவையாகப் பயம்.

“ஒட்டு,” என்றார் டாக்டர். “இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஒட்டு. மேல பூசி, தேய்ச்சு, பாலிஷ் போட்டிருக்கான். தினமும் இதே வேலை பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியாதா...?”

டார்ச் கண்ணாடியை வாங்கி அவளும் பார்த்தாள். முன்பக்கம் போனாள், சட்டத்தில் பொறித்திருந்த வண்டி நம்பரைக் குறித்தாள். எஞ்சின் மூடியைத் திறந்து, பின்சட்டத்தில் இருந்த வண்டி நம்பரையும் குறித்தாள். இரண்டையும் காட்டினாள். ஒன்றாக இருக்க வேண்டிய எண்கள் வேறு வேறு!

“சார்... இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி. முன்னாடி நொறுங்கினது ஒண்ணு. பின்னாடி நொறுங்கினது ஒண்ணு. நல்லா இருந்த பாதிகளை வெட்டி, நடுவுல வெல்டு வெச்சிருக்காங்க.”

“ஓட்டினா என்ன ஆகும்?”

“மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது. வேகமாப் போய் ஒரு குழியில விழுந்தா... நீங்க ஓர் ஊருக்குப் போவீங்க, எஞ்சின் வேற ஊருக்குப் போகும்.”

டாக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தேழு வருஷத்துப் படம். மனை. அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சரும் தூணைப் பிடித்துக்கொண்டார். அவர் முகமும் வெளுத்துப் போயிருந்தது. ‘நாலு வாரம்...’ என்று உதடு மட்டும் அசைந்தது.

“மனசை விடாதீங்க சார்,” என்றாள் டார்ச். “கையெழுத்து போடலையே! ரிப்போர்ட்டை போலீசுக்கு ஒரு காப்பி அனுப்பினாப் போதும். அட்வான்ஸைக் கக்கிடுவாரு.”

க்ர்ர்ர்ர்ர்... டமால்!

ஷட்டர் இறங்கியது!

வெளியே பூட்டு விழும் சத்தம் ‘க்ளக்’ என்று தெளிவாகக் கேட்டது.

ஷட்டரில் தபால் போடும் ஓட்டை ஒன்று இருந்தது. அதில் பற்கள் தெரிந்தன.

“எல்லாம் கேட்டேன் மேடம்,” என்றான் சிரிப்பு. (இந்த வரியிலிருந்து அவருக்கு மரியாதை கட்.) “ரிப்போர்ட்டை இப்படி எழுதலாமா? ‘வண்டி பிரமாதம்’னு எழுதி, சார் கையெழுத்தும் போட்டு, இந்த ஓட்டை வழியா நீட்டுங்க. பூட்டைத் திறக்கிறேன்.”

“முடியாது!” டார்ச் கத்தினாள்.

“முடியும்போது கூப்பிடுங்க. இங்கயேதான் நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன். போன் ஆபீஸ்ல. வேற கதவு கிடையாது. சாவி உங்ககிட்டதானே இருக்கு? சார் ஆசை தீர ஸ்டீரிங்கைத் திருப்பி விளையாடிட்டு இருக்கட்டும்!”

டீச்சர் மூச்சை இழுத்தார். ஒன்பதாம் வகுப்புத் தொண்டையைத் திறந்தார்.

“காப்பாத்துங்க...!!”

அதே நொடியில் பக்கத்து லேத் பட்டறையில் டீ இடைவேளை முடிந்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. கிர்ர்ர்... என்று இரும்பு கடையும் ஓசை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அந்தத் தொண்டை தோற்றது.

“சாவி...” என்றாள் டார்ச் திடீரென்று. உடுப்புப் பையிலிருந்து எடுத்தாள். “அவனே வழி சொல்லிட்டான். பழைய தகர ஷட்டர். பின்னாடி மெதுவா வந்து முட்டித் தள்ளினா, அது ஓடுற காடியிலேர்ந்து கழண்டுடும்.”

“வண்டி உடைஞ்சுடுமே!”

“மெதுவாப் போனா உடையாது சார். நான் பக்கத்துல நின்னு வழி பார்க்கிறேன். நீங்க ஓட்டுங்க.”

டாக்டர் எழுந்தார். இந்தத் தருணத்துக்காகத்தானே இத்தனை வருஷம்! உள்ளே நுழைந்தார். அதாவது, தலை நுழைந்தது, ஒரு கால் நுழைந்தது, தொந்தி ஸ்டீரிங்கில் சிக்கிக்கொண்டது.

“ஸ்டார்ட் பண்ணுங்க சார்!”

“எங்க பண்ணணும்?”

“ஸ்டீரிங்ல சிவப்பு பட்டன்!”

அமுக்கினார். துடைப்பான் ஓடியது. இன்னொன்றை அமுக்கினார். பாட்டு பாடியது.

“ரிவர்ஸ் எங்க இருக்கு? இதுல கியரே இல்லையே! கியரைக் கழட்டி வித்துட்டானா?”

“இறங்குங்க,” என்றார் டீச்சர்.

“நீயா? நீ ஸ்கூட்டரையே...”

“இறங்குங்கன்னு சொன்னேன்!”

அந்தக் குரலுக்கு இறங்காதவர்கள் யாரும் இல்லை. டாக்டர் இறங்கினார்.

டீச்சர் சேலையை ஒரு கையால் ஒதுக்கி, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே இழுத்தார். அந்தக் காரில் அப்படித்தான் ஏற வேண்டும். கதவோரம் கை போனது. பார்க்காமலே ஒரு பட்டனை அமுக்கினார்.

பட்டன் ரெண்டு!

ஸ்ஸ்ஸ்... என்று சீட்டு முன்னால் நகர்ந்தது. மேலே உயர்ந்தது. ஸ்டீரிங் கீழே வந்தது. கண்ணாடி திரும்பியது. எல்லாம் அவருக்கென்றே தைத்த ரவிக்கையாக அளவெடுத்துப் பொருந்தி நின்றன.

டாக்டரின் வாய் திறந்தது. அவருடைய நோயாளிகள்கூட அவ்வளவு பெரிதாகத் திறந்ததில்லை.

டார்ச்சும் எல்லாவற்றையும் மறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும்!

சிவப்பு பட்டன். எஞ்சின் உறுமியது. டீச்சர் ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன விசையை விரலால் தட்டினார், ரிவர்ஸ் விழுந்தது. மிதித்தார்.

கார் நகரவில்லை.

“என்ன இது?” இன்னும் கொஞ்சம் மிதித்தார். பின் சக்கரங்கள் தரையைத் தேய்த்துப் புகைந்தன.

“வேகமா மிதி!” என்று டாக்டர் கத்தினார்.

மிதித்தார்.

“ஐயையோ!” டார்ச் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “பட்டை! முன்னாடி பட்டையை அவுக்கல! நிறுத்துங்க டீச்...”

க்க்க்கிரீச்ச்ச்...

பட்டை அறுபடவில்லை. யானையைக் கட்டும் பட்டை ஆயிற்றே!

படார்!!

சீட்டுக்குப் பின்னால், டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்த அதே இடத்தில், கார் ரொட்டியைப் பிய்த்தது மாதிரி இரண்டாகப் பிரிந்தது!

பின்பாதி, எஞ்சினோடும் இரண்டு சக்கரத்தோடும் தனியாகக் கிளம்பியது. வயிறு தரையில் தேய, தீப்பொறி பறக்க, ஷட்டரை முட்டியது. ஷட்டர் காடியிலிருந்து கழன்று பாய் மாதிரி தெருவில் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிரிப்பு ஒரே தாவலில் பக்கத்திலிருந்த பழைய டயர் குவியலில் தலைகீழாக விழுந்தான். அறுந்த ஒயர்களோடு எஞ்சின் இரண்டு தடவை விக்கியது. தெருமுனை வரை போய் நின்றது.

முன்பாதி, ஷெட்டில் அப்படியே கட்டிப்போட்ட இடத்தில் இருந்தது. அதில் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

டாக்டர் ஓடினார். இன்னொரு செருப்பும் போய்விட்டது.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே? கையைக் காட்டு! கழுத்தைத் திருப்பு! வாயைத் திற!”

“ஒண்ணும் ஆகலைங்க. வாயை எதுக்குத் திறக்கணும்?”

“தெரியல... பழக்கம்...” டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. “பட்டன் ரெண்டு... சாக்பீஸ்... வியாழக்கிழமை பத்து நாப்பது... உனக்கு நாலாவது பீரியட் ஃப்ரீ!”

டீச்சர் தலையைக் குனிந்தார். ஒன்பதாம் வகுப்பு பார்த்திருந்தால் கொண்டாடியிருக்கும்.

“அந்த இன்னொரு பார்ட்டி...?”

“நான்தான்.”

“எனக்கு சர்ப்ரைஸா வாங்கித் தரலாம்னா?” டாக்டரின் கண் கலங்கியது.

“இல்லைங்க. எனக்குத்தான்.”

“ஓ...”

“ஸ்கூல் வாசல்ல ஒரு நாள் இந்த வண்டி போச்சு. அன்னிலேர்ந்து தூக்கமில்ல. இருபத்திரண்டு வருஷமா பஸ்ல நின்னுட்டே போறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒன்பதாம் வகுப்பு பார்க்க இதுல போய் இறங்கணும்னு ஆசை வந்துச்சு. சேமிப்பை எடுத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன். நேத்து நீங்க படத்தை நீட்டினப்பதான் தெரிஞ்சுது, நீங்களும் இதே வண்டிக்குக் குடுத்திருக்கீங்கன்னு!”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா ‘எனக்குத் தெரியாம எப்படிக் குடுத்தே’ன்னு கேப்பீங்க. அதே கேள்வியை நான் உங்களைக் கேட்டிருக்கணும். ரெண்டு பேரும் வாயைத் திறக்க முடியாது. அதான் வெளி ஆளை வெச்சு செக் பண்ணச் சொன்னேன். எனக்கு வண்டி பிடிச்சிருந்துச்சுங்க. அவன் சிரிப்புதான் பிடிக்கல.”

“நாலு வியாழன் இதுலயே சுத்தியிருக்கே...” டாக்டர் பிடித்திருந்த கையை இறுக்கினார். “ஒரு குழியில விழுந்திருந்தா? மனை போனா போகுது. வண்டி போனா போகுது. நீ போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

டீச்சருக்குக் கண்ணீர் வந்தது. சேலைத் தலைப்பால் துடைக்க, கன்னத்தில் சாக்பீஸ் கோடு விழுந்தது.

“ஒரே வண்டியை ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவை வித்திருக்கான்,” என்றாள் டார்ச். “இதுவரைக்கும் நான் எத்தனையோ திருடனைப் பார்த்திருக்கேன் சார். இவனுக்கு ஒரு கப்பே குடுக்கலாம்.”

டயர் குவியலிலிருந்து முனகல் வந்தது. சிரிப்பு மெல்ல எழுந்து நழுவப் பார்த்தான். டார்ச்சின் நீளக் கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது. அவன் வாயைத் திறந்தான். மேல் வரிசை முழுக்க காலி!

டாக்டர் குனிந்து, தெருவில் கிடந்த பல் செட்டைப் பொறுக்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நினைச்சேன்,” என்றார். “இதுவும் ஒட்டு வேலைதான்.”

அதற்குள் தெருமுனை சிக்னலிலிருந்து டிராஃபிக் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். பாவம், அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. வந்து நின்ற வண்டியில் டிரைவரைத் தேடியிருக்கிறார். டிரைவர் சீட்டையே காணோம்!

“யாருய்யா...?” மூச்சு வாங்கியது. ஷெட்டில் இருந்த பாதியைப் பார்த்தார். தெருமுனையில் இருந்த பாதியைப் பார்த்தார். “யாருய்யா இந்த வண்டிக்கு ஓனர்?”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். டீச்சர் கணவரைப் பார்த்தார். பிறகு, ஒன்பதாம் வகுப்பே அடங்கும் குரலில், டீச்சர் சொன்னார்...

“ரெண்டு பேருமே அட்வான்ஸ் குடுத்திருக்கோம் சார். இந்த முன்பாதி என்னோடது. அந்தப் பின்பாதி அவரோடது. நடுவுல இருக்கிற வெல்டிங் மட்டும்தான் இந்த ஆளோடது... அதையும் அவனையும் நீங்க எடுத்துட்டுப் போங்க!”